சௌந்திரம் பாதியில் நிறுத்திய வாக்கியம்

உள்ளறையில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆடிட்டர் அம்மாவின் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. எதிரே நின்றிருந்த சௌந்திரத்தின் காதில் மட்டும் தெளிவாக விழுந்தது. அவள் அப்போதுதான் வாயைத் திறந்து "ஐ நெவர்..." என்று சொல்லியிருந்தாள். பின்னால் வரவேண்டிய நான்கைந்து வார்த்தைகள் தொண்டையில் வரிசையாக நின்றன.

மறுபடியும் 'டிக்... டிக்'.

டியூப்லைட் ஸ்டார்ட்டர். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். ஐந்து மணிக்குத்தான் வரும் என்று அறிவித்த கரண்ட், மத்தியானம் இரண்டே முக்காலுக்கே வந்து தொலைத்தது. உள்ளறை சுவிட்ச் காலையில் போட்டது போட்டபடியே இருந்திருக்கிறது. பழைய டியூப், பற்றிக்கொள்வதற்குள் பத்துப் பதினைந்து தடவை சிமிட்டும். சாத்தியிருந்த கதவின் அடியில் வெள்ளை வெளிச்சம் துடித்தது, அணைந்தது, மறுபடி துடித்தது.

கோழிப் பண்ணையில் பதினோரு வருடம் உழைத்தவளுக்கு அதற்கு மேல் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருட்டில் வைத்த கோழி வாயைத் திறக்காது. வெளிச்சம் வந்துவிட்டால் அதற்குப் பொழுது விடிந்துவிட்டது.

அந்த அறைக்குள், மூங்கில் கூடைக்கடியில், ஒரு சேவல் இருந்தது.

எருமப்பட்டிக்கு வெளியே, ஐந்தே வீடுகள் உள்ள ஒரு சந்தில் குடியிருப்பவள் சௌந்திரம். கணவன் காளிதாஸ் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் லாரியில் டிரில்லர். இப்போது சத்தீஸ்கரில் ஏதோ ஒரு காட்டில் பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கிறான். பொங்கலுக்கு ஒரு தடவை, ஆடிக்கு ஒரு தடவை வருவான். மற்ற நாட்களில் அவன் ஒரு குரல் மட்டும்தான். அதுவும் எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே. வீட்டில் அவளும் பத்தாவது படிக்கும் மகள் அபிநயாவும்.

பண்ணையில் அவளுக்கு முட்டை தரம் பிரிக்கிற வேலை. கீழேயிருந்து அடிக்கும் விளக்கின்மேல் முட்டைகள் உருண்டு போகும். விரிசல் விட்டது எது, உள்ளே ரத்தப்புள்ளி விழுந்தது எது என்று கண் சொல்வதற்கு முன்பே அவள் கை எடுத்துவிடும். பக்கத்தில் உட்காரும் எதிர்வீட்டுக் காளியாத்தாள், "உங்கண்ணுல எக்ஸ்ரே மிசினு இருக்குதுடி" என்பாள்.

வேலையில் சேர்ந்த அன்றே ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வீட்டில் கோழி, வாத்து, புறா, கிளி எதுவும் வளர்க்கக் கூடாது. வளர்ப்பது தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும். வீட்டுப் பறவையின் நோய் ஒரு செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்தால் போதும். ஷெட்டில் இருக்கும் லட்சம் கோழியையும் குழி வெட்டிப் புதைக்க வேண்டியதுதான். அந்தச் சந்தில் ஐந்து வீட்டாருமே பண்ணை ஆட்கள். அதனால் வருடக் கணக்காக அங்கே ஒரு சேவலும் கூவியதில்லை. லட்சம் கோழிக்குத் தீனி போட்டவர்கள், தங்கள் வாசலில் ஒரு கோழிக்குஞ்சு மேய்ந்து பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவள்தான் போன ஐப்பசியில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டாள்.

அபிநயாவுக்கு டெங்கு. நாமக்கல் ஆஸ்பத்திரியில் நான்கு நாள். மூன்றாம் நாள் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அவர் பேசாமல் போனதுதான் அவளை உடைத்தது. வராண்டாச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டாள். "கருப்பண்ணா, எம்புள்ளைய எந்திரிச்சு உக்கார வெச்சுப்போடு சாமி. எங்கையால தீனி போட்டு வளத்த சேவலைக் கொண்டாந்து உனக்கு உடறேன்."

'ஒரு சேவல்' என்று மட்டும் சொல்லியிருந்தால் சந்தையில் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். 'எங்கையால' என்று சொல்லிவிட்டாளே! மறுநாள் அபிநயா எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். பெற்றவள் கண்ணீர் காய்வதற்குள் அடுத்த பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அம்மா வீட்டிலிருந்து துணிப்பைக்குள் ஒரு குஞ்சு வந்தது. மஞ்சள் நூலைக் காலில் கட்டிப் பின்பக்கக் குளியலறையில் விட்டார்கள். வளர்ந்த பிறகு, கூவுகிற விடியல் நேரத்தில் அதன்மேல் கனத்த சாக்கைப் போட்டு மூடினார்கள். தீனி போட்டதெல்லாம் அபிநயாதான். ஆனால் வாக்கு அப்படி இல்லையே! அதனால் வெள்ளிக்கிழமை தோறும், வேலை முடிந்து வந்து, சௌந்திரம் தன் கையால் ஒரு பிடி கம்பு வைப்பாள். உடனே தலைக்குக் குளித்து, சேலையைக் கொதிக்கிற தண்ணீரில் முக்குவாள். கையைச் சோப்புப் போட்டுத் தோல் வெளுக்கும்வரை தேய்ப்பாள். ஆனாலும் சனிக்கிழமை காலை பண்ணைக்குள் நுழைந்ததும் அவள் கண் கோழிகளைத்தான் தேடும். ஒரு கோழி தலை தொங்கி நின்றாலும் 'என்னாலதானோ' என்று நடுங்குவாள்.

கோயில் பண்டிகைக்கு இன்னும் பன்னிரண்டே நாள் இருந்தது. அதற்குள் ஆடிட் வந்துவிட்டது.

முட்டை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி மும்பையிலிருந்து ஒரு கால்நடை டாக்டர் அம்மாவை அனுப்புகிறது, அவர் வேலை செய்பவர்களிடம் நேரிலேயே பேசுவார், தமிழ் தெரியாது என்றார்கள். ஆபீஸில் இருக்கும் ஜீவானந்தம், இருபத்தெட்டு வயது, இங்கிலீஷ் பி.ஏ., அவர் வருவதற்கு முந்தைய பத்து நாளும், ஷிப்ட் முடிந்ததும், தீவனக் கொட்டகையில் பெண்களை உட்காரவைத்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தான்.

முதல் நாளே காளியாத்தாள் கை தூக்கினாள். "ஏனுங் சார், இந்த ஆல்வேசு வாக்கியத்துல எங்கீங்க நிக்கோணும்? கடைசியில போயி நின்னா ஆவாதுங்களா?"

"ஷெட்டுக்குள்ள போறதுக்கு முந்தி நீங்க என்னக்கா பண்றீங்க?"

"மருந்துத் தண்ணித் தொட்டியில காலை முக்குவேன்."

"உள்ள போயிட்டு வந்து முக்குனா?"

"மேஸ்திரி காலை ஒடிச்சுப்போடுவாருங்க."

"அதேதானுங்க. ஆல்வேஸ், நெவர் ரெண்டும் மருந்துத் தொட்டி. வாஷ், செக், கீப், இதெல்லாம் ஷெட்டு. தொட்டியத் தாண்டித்தான் ஷெட்டுக்குள்ள போகோணும். எங்க, எல்லாருஞ் சொல்லுங்க. ஐ ஆல்வேஸ் வாஷ் மை ஹேண்ட்ஸ். ஐ நெவர் கீப் பேர்ட்ஸ் அட் ஹோம்."

எல்லோரும் சொன்னார்கள். காளியாத்தாள் விடவில்லை. "அப்பறம் போர்டுல 'ஐ ஆம் ஆல்வேஸ் கேர்ஃபுல்'னு எழுதிப்போட்டிருக்கறீங்க. இதுல மட்டும் தொட்டி பின்னால போயிருச்சு?"

ஜீவானந்தம் தலையைச் சொறிந்தான். "ஆம், ஈஸ், ஆர் மூணும் மொதலாளி ஊட்டு ஆளுங்கன்னு வெச்சுக்கங்க. அவியளுக்கு முன்னால யாரும் நிக்கமாட்டாங்க. பின்னாலயேதான் போகோணும்."

"அட, இங்கிலீசுலயுமா!" என்றாள் காளியாத்தாள். கொட்டகையே சிரித்தது. "எங்கூட்டுக்காரருக்கு வேலைக்கு முன்னாலயும் நெவரு, பின்னாலயும் நெவருங்க சார்!"

சிரிக்காதவள் சௌந்திரம் மட்டும்தான். அபிநயாவின் இலக்கணப் புத்தகத்தில் அதே வரிசையில் இன்னொரு வார்த்தையைப் பார்த்திருந்தாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள். "தம்பி, சம்டைம்ஸ்னு ஒண்ணு இருக்குதாமே. அது எங்க நிக்கும்?"

"அதுக்கும் அதே எடந்தானுங்க்கா. ஆனா ஆடிட்டுல அதுக்கு எடமே கெடையாது. 'எப்பவாச்சும் கை கழுவுவேன்'னு சொன்னா அந்தம்மா என்ன நெனைக்கும்? அந்த வார்த்தைய மறந்துருங்க."

மறக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்கும் போதெல்லாம் அந்த ஒரு இடத்தில் நாக்கு புரண்டது. தமிழில் என்றால் பொய்யைத் தொடங்கினால்கூடக் கடைசி எழுத்துவரை திரும்பி வர வழி உண்டு. 'நான் வீட்டில் கோழி வளர்க்க' வரைக்கும் போய் நின்றுகொண்டு, அதற்கப்புறம் உண்மையா பொய்யா என்று முடிவு செய்துகொள்ளலாம். இந்த இங்கிலீஷில் 'நெவர்' முன்னாலேயே போய் வாசலில் நின்றுகொள்கிறது. அதற்குப் பிறகு தப்பிக்க இடமில்லை.

இன்று புதன்கிழமை, அவளுக்கு வார விடுமுறை. ஆடிட் தன்னைத் தொடாமல் போய்விட்டது என்று காலையில் கருப்பண்ணனுக்குக் கற்பூரம்கூடக் காட்டினாள். இரண்டு மணிக்கு ஜீவானந்தத்தின் போன் வந்தது.

"அக்கா, மேடம் பதிவேட்டுல வெரல வெச்சாங்க, உங்க பேருல நின்னுருச்சு. ஊட்டைப் பாக்கோணுமாம். அரை மணி நேரத்துல வாரோம்."

"ஊட்டையா? எங்கூட்டுல என்ன தம்பி இருக்குது பாக்கறதுக்கு?"

"ஒண்ணுமில்லைல்ல? அப்பறம் ஏனுங்க்கா பயப்படறீங்க?"

கை கால் ஓடவில்லை. அபிநயா பள்ளிக்கூடத்தில். சேவலைக் கொடுத்துவைக்கலாம் என்றால் சந்தில் எந்த வீடு அதை வாங்கும்? எல்லோரும் அதே தாளில் கையெழுத்துப் போட்டவர்கள். சேவலை உள்ளறைக்குக் கொண்டுவந்து கூடையைக் கவிழ்த்து மூடினாள். ஜன்னலுக்குச் சாக்கைக் கட்டினாள். கூடைமேல் கறுப்புச் சேலையைச் சுற்றினாள். சித்திரை வெயில், கரண்ட் இல்லாததால் மின்விசிறியும் இல்லை. சேலைக்குள்ளே சேவல் வாயைப் பிளந்து இரைப்பது கேட்டது. நேர்ந்துவிட்ட உயிர் மூச்சுமுட்டிச் செத்துப்போனால்? மனசு கேட்காமல் சேலையை எடுத்துவிட்டாள். அறை இருட்டாக இருக்கிறதே, போதும் என்று நினைத்தாள். சுவிட்ச் நினைவுக்கு வரவில்லை.

ஆடிட்டர் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். குட்டை முடி, கையில் ஒரு நீலப்பெட்டி. வேலை செய்பவர் தனியாகத்தான் பேச வேண்டும் என்று சொல்லி, ஜீவானந்தத்தைச் சந்து முனையில் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். கை கழுவுவதைக் கேட்டார். ஆல்வேஸ் சொன்னாள். சேலை மாற்றுவதைக் கேட்டார். ஆல்வேஸ் சொன்னாள். மூன்றாவதாக, வீட்டில் ஏதாவது பறவை வளர்க்கிறீர்களா என்று கேட்டார்.

"ஐ நெவர்..."

டிக். டிக். டியூப் பற்றிக்கொண்டது. கதவின் அடியில் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைக் கோடு அசையாமல் நின்றது.

கருப்பண்ணா, வேண்டாம்.

முதலில் படபடவென்று சிறகு அடித்தது. பிறகு, சாக்குக்குள் இத்தனை நாளும் அடக்கிவைத்திருந்த குரல் முழுவதையும் சேர்த்து வைத்தாற்போல, அந்தச் சேவல் கூவியது. தகரக் கூரை அதிர்ந்தது. எதிர்வீட்டு ஜன்னலில், ஷிப்ட் முடிந்து வந்திருந்த காளியாத்தாளின் தலை தெரிந்தது; வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சந்து முனையில் கார்க் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

ஆடிட்டர் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினார். எதிர்வீட்டைக் காட்டி, அந்த வீட்டிலிருந்தா சத்தம் வந்தது என்று கேட்டார்.

சௌந்திரத்துக்கு வழி திறந்துவிட்டது. 'எஸ்' என்ற ஒரே வார்த்தை போதும். அதற்கு முன்னும் பின்னும் எதுவும் வைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, பதினோரு வருடமாகத் தன் தூக்குப்போசியிலிருந்து சோறு பகிர்ந்தவள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இங்கே கேட்ட கேள்வி புரியவில்லை. தன் வேலை இந்த வாசலில் ஊசலாடுவதும் தெரியவில்லை. தோழிக்காகக் கண்கலங்கி நின்றாள், அவ்வளவுதான்.

"நோ மேடம்," என்றாள் சௌந்திரம். தன் உள்ளறைப் பக்கம் கையைக் காட்டினாள். "மை ஹவுஸ்."

உள்ளறைக் கதவைத் தானே தள்ளித் திறந்தாள். வெளிச்சத்தில் கூடை ஆடிக்கொண்டிருந்தது.

"ஒன் பேர்ட். மை டாட்டர் ஃபீவர். ஹாஸ்பிடல். ஐ ஆல்ரெடி ப்ராமிஸ்... காட்." கூடையைச் சுட்டிக் காட்டினாள். "டாட்டர் ஆல்வேஸ் ஃபீட். ஐ..." மறக்கச் சொன்ன வார்த்தை, மறக்காமல் வந்து அதன் இடத்தில் நின்றது. "ஐ சம்டைம்ஸ் ஃபீட். ஃப்ரைடே. ஒன்லி ஃப்ரைடே."

ஆடிட்டர் அம்மா எழுந்து கூடை அருகே போனார். போன வெள்ளிக்கிழமையுமா என்று கேட்டார். எஸ் என்றாள். சனிக்கிழமை வேலைக்கு வந்தீர்களா? அதற்கும் எஸ்தான். அந்த 'எஸ்' வெளியே வந்தபோது தன் வேலையைத் தானே வெட்டிப் போட்டதுபோல இருந்தது.

அதற்குள் ஜீவானந்தம் வாசலுக்கு ஓடிவந்து நின்றான். முகம் வெளிறியிருந்தது. "அக்கா! என்னங்க்கா இது! எல்லாருத்தையும் கெடுத்துப்போட்டீங்களே! நான் சொல்லிக்குடுத்ததச் சொல்லியிருந்தா..."

"சேவலு கூவிருச்சு தம்பி. அதுக்கு நீங்க சொல்லிக்குடுக்கலியே."

ஆடிட்டர் அம்மா கையை உயர்த்தி அவனை வாசலுக்கு வெளியே நிறுத்தினார். நீலப்பெட்டியைத் திறந்து உறை மாட்டிக்கொண்டார். சேவலைப் பிடிக்கச் சொன்னார். சௌந்திரம் பிடித்துக்கொள்ள, அதன் வாய்க்குள் பஞ்சுக்குச்சியை விட்டுச் சுழற்றி, ஒரு சிறு குப்பியில் கலக்கி, வெள்ளைப் பட்டையொன்றில் மூன்று சொட்டு விட்டார். கொரோனாக் காலத்தில் பார்த்த அதே மாதிரிப் பட்டை. ஒரு கோடு வந்தால் நோய் இல்லை. இரண்டு கோடு வந்தால் உண்டு. பதினைந்து நிமிடம்.

அந்தப் பதினைந்து நிமிடத்தை என்னால் எழுத முடியுமா, தெரியவில்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் டாக்டர் பேசாமல் போன பிறகு இருந்தாளே, அதே இருப்பு. அன்றைக்கு ஒரு உயிர். இன்றைக்கு லட்சம் உயிர், நாற்பது பெண்களின் சோறு. மடியில் சேவல் சூடாகத் துடித்துக்கொண்டிருந்தது. அதன் நெஞ்சு அடிப்பதா தன் நெஞ்சு அடிப்பதா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. முதல் கோடு மெல்லச் சிவந்தது. அதற்குப் பக்கத்து வெள்ளையை அவள் முட்டையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பதினோரு வருடம் விளக்கின்மேல் ரத்தப்புள்ளி தேடிய கண்கள், வாழ்க்கையில் முதல் தடவையாக அது கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு தேடின.

பத்து நிமிடம். பன்னிரண்டு. வாசலில் ஜீவானந்தம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

பதினைந்து.

"ஒன் லைன்," என்றார் ஆடிட்டர் அம்மா.

சௌந்திரம் சேவலின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள்.

ஆடிட்டர் அம்மா அவளை அழுது முடிக்க விட்டார். பிறகு ஜீவானந்தத்தை உள்ளே கூப்பிட்டு, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னார்.

"பண்டிகை வரைக்கும் நீங்க பண்ணைப் பக்கமே வரக் கூடாதுங்களாம். சேவலைக் கோயில்ல உட்டுப்போட்டு, அதுக்கப்பறம் மூணு நாளு கழிச்சுத்தான் வரோணுமாம். அந்த நாளைக்குச் சம்பளம் இல்லை. ஊட்டைப் பூரா மருந்தடிக்கோணும்."

"அப்பறம்? வேலை?"

ஜீவானந்தம் மேடத்தைக் கேட்டான். அவர் சொன்னதைக் கேட்டு அவன் தலை குனிந்தது.

"காலையிலிருந்து பதினோரு பேருகிட்டப் பேசுனாங்களாம். பதினோரு பேரும் ஒரே பாட்டைப் பாடுனாங்களாம். அதுல எதை நம்பறதுன்னு தெரியலைங்கறாங்க. உங்களைய வேலைய உட்டு நிறுத்துனா, அடுத்த தடவை ஒருத்தருகூட வாயத் தொறக்கமாட்டாங்களாம். நீங்களே ஒத்துக்கிட்டதா ரிப்போர்ட்டுல எழுதறாங்க. ஆறு மாசங் கழிச்சு வரும்போது, மொதல்ல உங்களையத்தான் கேப்பேன்னு சொல்றாங்க." தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டான். "அந்தப் பாட்டை எழுதிக்குடுத்தது நாந்தானுங்க்கா. மொதலாளிகிட்ட நானே பேசறேன்."

பதினைந்து நாள். சௌந்திரம் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். அதில் பன்னிரண்டு நாளும் சேவல் தன் வீட்டில்தான் இருக்கும். ஒளிக்க வேண்டியதில்லை. தினமும் தன் கையாலேயே தீனி வைக்கலாம். கருப்பண்ணனுக்குக் கொடுத்த வாக்கு இப்போதுதான் முழுசாக நிறைவேறப் போகிறது. அந்த நினைப்பில் நெஞ்சின் பாரம் கொஞ்சம் இறங்கியது. முதலாளியின் முகத்தை நினைத்ததும் மறுபடி ஏறிக்கொண்டது.

ஆடிட்டர் அம்மா வாசற்படியில் நின்று, செருப்பின் அடியில் மருந்தைத் தெளித்துத் துடைத்தார். கைகூப்பினார். வீட்டுக்கு வந்தவரை வெறுமனே அனுப்பக் கூடாதே! சௌந்திரம் கடைசியாக ஒரு வாக்கியம் கட்டினாள்.

"மேடம், ப்ளீஸ்... ஆல்வேஸ் கம்."

ஜீவானந்தம் திடுக்கிட்டுப் பார்த்தான். ஆடிட்டரை எப்போதும் வரச் சொல்கிற முதல் ஆளை அவன் அன்றுதான் பார்த்தான். அந்த அம்மாவோ வாய்விட்டுச் சிரித்தார்.

"நோ, நோ. சம்டைம்ஸ்," என்றார். படியிறங்கினார்.

எதிர்வீட்டிலிருந்து காளியாத்தாள், "ஏண்டி சௌந்திரம், போயிட்டாங்களா? வேலை இருக்குதா, போச்சா?" என்று ஜன்னல் வழியே கிசுகிசுத்தாள்.

"இருக்குதுக்கா," என்றாள் சௌந்திரம். "இப்ப இங்க வராதீங்க. தீட்டு மாதிரி நெனைச்சுக்கங்க. பதினஞ்சு நாளைக்கு எங்கூட்டு வாசப்படி மிதிக்காதீங்க."

கார் திரும்பி மெயின் ரோட்டில் ஏறியது. புழுதி அடங்கும்வரை பார்த்திருந்துவிட்டு, சௌந்திரம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.